தரவுப் பதிவி (தானுந்துப் பந்தயம்)

தானுந்துப் பந்தயத்தில் தரவுப் பதிவி என்பது, ஓடிக்கொண்டிருக்கும் தானுந்து அல்லது விசையுந்தின் வேகம், இருப்பிடம், முடுக்கம், ஓட்டுநரின் மிதி இயக்கங்கள் முதலியவற்றைக் குறித்த கால இடைவெளிகளில் அளந்து நினைவகத்தில் சேமிக்கும் மின்னணுக் கருவி ஆகும். இதனுடன் ஒரு நிகழ்படக்கருவியையும் இணைத்து, ஒரே நேர அளவுகோலின் கீழ் எண்களையும் காட்சியையும் ஒருங்கே பதிவு செய்யும் தொகுதிகளும் உள்ளன. தொழின்முறை அணிகள் மட்டுமே பயன்படுத்திவந்த இத்தொகுதிகள், 2000களுக்குப் பின்னர் "டிராக் டே" எனப்படும் தட நாட்களில் தம் சொந்த வாகனங்களை ஓட்டும் பொழுதுபோக்கு ஓட்டுநர்களிடமும் பொறியியல் கல்லூரி மாணவர் அணிகளிடமும் பரவின.

தட நாள் என்பது போட்டி அன்று. ஒரு பந்தயத் தடத்தைக் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தி, பொதுச்சாலையில் இயலாத வேகத்தில், கண்காணிப்பாளர்களின் மேற்பார்வையில் ஓட்டிப் பழகும் நாளாகும். ஓட்டும் நேரம் பெரும்பாலும் 15 முதல் 20 நிமிடங்கள் வரையிலான சில அமர்வுகளாகப் பிரித்துத் தரப்படுகிறது. எனவே ஒரு நாள் முழுவதும் தடத்தில் இருந்தாலும், ஓட்டுநருக்கு உண்மையில் கிடைப்பது ஒன்று அல்லது ஒன்றரை மணிநேர ஓட்டமே. அந்தக் குறுகிய ஓட்டத்திலிருந்து இயன்ற அளவு கற்றுக்கொள்வதற்கே தரவுப் பதிவி பயன்படுகிறது.

வரலாறு

பந்தய வாகனங்களில் மின்னணுத் தரவுப் பதிவு 1980களில் பரவலாயிற்று. 1985ஆம் ஆண்டு செருமானிய கிராண்ட் பிரீயில் ரெனோ அணியின் மூன்றாவது வாகனத்தில் நிகழ்படக்கருவி பொருத்தப்பட்டு, ஓட்டுநர் இருக்கையிலிருந்து தோன்றும் காட்சி நேரடியாக ஒளிபரப்பப்பட்டது. பின்னர் வானலை வழியே தரவைப் பந்தயத்தின்போதே அணிக்கு அனுப்பும் தொலைஅளவியல் வளர்ந்தது. அணியிடமிருந்து வாகனத்தின் அமைப்புகளை மாற்றும் இருவழித் தொலைஅளவியல் 2003ஆம் ஆண்டு முதல் பார்முலா 1 போட்டிகளில் தடை செய்யப்பட்டது.

பொழுதுபோக்கு ஓட்டுநர்களுக்கு இத்துறை திறந்ததற்கு இரு நிகழ்வுகள் காரணமாயின. முதலாவது, ஐக்கிய அமெரிக்கா தன் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் குறிகையில் வேண்டுமென்றே புகுத்தி வந்த பிழையை 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் நிறுத்தியது. இதனால் குடிமக்களின் பெறுவிகளிலும் பிழை சில மீட்டர்களாகக் குறைந்தது. இரண்டாவது, வாகனங்களின் கட்டுப்பாட்டுக் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கேன் வலையமைப்பு பரவியது. பாசு நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய இவ்வலையமைப்பு வழியாக, கூடுதல் உணரிகளைப் பொருத்தாமலேயே வாகனத்தின் அளவீடுகளைப் படிக்க முடிந்தது. 2010களில் திறன்பேசிச் செயலிகளும் இவ்வரிசையில் சேர்ந்தன.

தமிழ்நாட்டுத் தடங்கள்

இந்தியாவின் நிலையான பந்தயத் தடங்களுள் முதன்மையானவை சில தமிழ்நாட்டில் உள்ளன. சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் முன்னர் சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயங்களை நடத்தி வந்தது. பின்னர் திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் அக்கழகம் அமைத்த தடம் 3.717 கி.மீ. நீளமும் 12 வளைவுகளும் உடையது. இது தற்போது மெட்ராஸ் இன்டர்நேசனல் சர்க்யூட் என அழைக்கப்படுகிறது. கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்தில் உள்ள காரி மோட்டார் இசுபீட்வே 2.1 கி.மீ. நீளமுடையது. பந்தய ஓட்டுநரும் பந்தய வாகன வடிவமைப்பாளருமான எஸ். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்தார். அவர் நினைவாகவே இத்தடத்துக்குப் பெயரிடப்பட்டது. மாணவர் அணிகள் தாமே வடிவமைத்த வாகனங்களுடன் பங்குபெறும் பார்முலா பாரத் போட்டியும் இத்தடத்தில் நடைபெற்று வருகிறது.

தடங்கள் சிலவாகவே இருப்பதால் பயணத் தொலைவு ஒரு முக்கியக் காரணியாகிறது. எடுத்துக்காட்டாக, சிவகங்கை மாவட்டத்தின் காரைக்குடி, அமராவதிபுதூர் வட்டாரத்திலிருந்து செட்டிப்பாளையம் ஏறத்தாழ 250 கி.மீ. சாலைத் தொலைவிலும், இருங்காட்டுக்கோட்டை ஏறத்தாழ 400 கி.மீ. தொலைவிலும் உள்ளன. ஆண்டுக்கு ஓரிரு தட நாட்களே வாய்க்கும் ஓட்டுநர் ஒருவருக்கு, ஓடிய சுற்றுகளை வீட்டில் அமர்ந்து மீண்டும் ஆராயும் வாய்ப்பு அடுத்த தட நாளுக்கு இணையான மதிப்புடையது. பதிவு தவறினால் அந்த வாய்ப்பு அடுத்த பயணம் வரை திரும்பாது. எனவே இத்தகைய ஓட்டுநர்களுக்கு, உணரிகளின் எண்ணிக்கையைவிடத் தவறாமல் பதிவாகும் நம்பகத்தன்மையே தெரிவின் முதல் அளவுகோலாக அமைகிறது.

உறுப்புகள்

புவியிடங்காட்டி

பெரும்பாலான பதிவிகளின் மையம் ஜி.பி.எஸ். போன்ற செயற்கைக்கோள் வழிப் புவியிடங்காட்டி ஆகும். இது இருப்பிடத்தையும் வேகத்தையும் வெவ்வேறு முறைகளில் கணிக்கிறது. இருப்பிடம், குறிகைகள் வந்துசேரும் நேரத்திலிருந்து கணிக்கப்படுகிறது. திறந்த வெளியில் இதன் பிழை பொதுவாகச் சில மீட்டர்கள். வேகம், குறிகையின் அதிர்வெண் மாற்றத்திலிருந்து, அதாவது டாப்ளர் விளைவிலிருந்து கணிக்கப்படுவதால் மிகவும் துல்லியமானது. இவ்வேறுபாடு தரவைப் படிக்கும்போது நினைவில் கொள்ளத்தக்கது. பந்தயத் தடங்களின் அகலம் பெரும்பாலும் 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளது. ஆகவே மூன்று மீட்டர் பிழையுள்ள ஒரு பெறுவியைக் கொண்டு "இச்சுற்றில் வாகனம் தடத்தின் ஓரத்தை இன்னும் நெருங்கியது" என்று முடிவு செய்ய இயலாது. "இவ்வளைவில் வேகம் 3 கி.மீ. கூடுதல்" என்று முடிவு செய்ய இயலும்.

இந்தியாவில் ககன் எனும் திருத்த அமைப்பு, ஜிசாட்-8, ஜிசாட்-10 உள்ளிட்ட செயற்கைக்கோள்கள் வழியாகத் திருத்தக் குறிகைகளை அனுப்புகிறது. இவ்வகைக் குறிகைகளை ஏற்கும் பெறுவிகளில் இருப்பிடப் பிழை குறைகிறது.

முடுக்கமானியும் சுழற்சி உணரியும்

முடுக்கமானி, வாகனத்தின் முன்பின் முடுக்கத்தையும் பக்கவாட்டு முடுக்கத்தையும் அளக்கிறது. வட்டப்பாதையில் செல்லும் வாகனத்தின் பக்கவாட்டு முடுக்கம், வேகத்தின் வர்க்கத்தை வளைவின் ஆரத்தால் வகுக்கக் கிடைப்பது. 80 மீட்டர் ஆரமுடைய வளைவை மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் கடந்தால் அது ஏறத்தாழ 9.6 மீ/நொடி², அதாவது புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சற்றுக் குறைவு. சாதாரணச் சாலை டயர்களின் பிடிமானம் இந்த அளவை ஒட்டியே முடிந்துவிடுவதால், ஓட்டுநர் பிடிமான எல்லைக்கு எவ்வளவு அருகில் இருந்தார் என்பதை இவ்வெண் காட்டுகிறது. கருவி சாய்வாகவோ தளர்வாகவோ பொருத்தப்பட்டால் இவ்வளவீடு பயனற்றதாகிறது.

வாகனத் தரவு

இயந்திரச் சுழற்சி, முடுக்கி மிதியின் நிலை, பிரேக் அழுத்தம், திருப்புச்சக்கரக் கோணம் ஆகியவற்றை இருவழிகளில் பெறலாம். முதலாவது, ஓ.பி.டி.-2 எனப்படும் பழுதறி இணைப்புமுனை. இந்தியாவில் பாரத் நிலை-4 மாசு விதிகளின் கீழ் 2013 ஏப்ரல் முதல் இவ்வமைப்பு தானுந்துகளில் கட்டாயமாயிற்று. இம்முனையில் பதிவி ஒவ்வோர் அளவீட்டையும் கேட்டுப் பதில் பெற வேண்டும். எனவே கேட்கப்படும் அளவீடுகள் கூடக் கூட, ஒவ்வொன்றும் நொடிக்கு ஓரிரு முறை மட்டுமே கிடைக்கும் நிலை ஏற்படலாம். மேலும் பொதுவான ஓ.பி.டி.-2 அளவீடுகளில் பிரேக் அழுத்தமும் திருப்புச்சக்கரக் கோணமும் இடம்பெறுவதில்லை.

இரண்டாவது வழி, கேன் வலையமைப்பில் கணினிகள் தமக்குள் பரிமாறும் செய்திகளை ஒட்டுக்கேட்பது. இவை கேட்காமலேயே நொடிக்குப் பல பத்து முறை வருகின்றன. ஆயினும் செய்திகளின் பொருளை உற்பத்தியாளர்கள் பெரும்பாலும் வெளியிடுவதில்லை. மாதிரிக்கு மாதிரி வேறுபடும். இவ்வலையமைப்பிலேயே பிரேக், திருப்பு அமைப்புகளின் கணினிகளும் இருப்பதால், பதிவி செய்திகளைப் படிக்க மட்டுமே வேண்டும். எதையும் எழுதக் கூடாது.

நிகழ்படக்கருவி

நிகழ்படம் எண்களால் கூற இயலாதவற்றைக் கூறுகிறது: வாகனம் தடத்தின் எப்பகுதியில் சென்றது, முன்னே வேறு வாகனம் இருந்ததா, தடம் ஈரமாக இருந்ததா, ஓட்டுநரின் கைகள் திருப்புச்சக்கரத்தைத் திருத்திக்கொண்டே இருந்தனவா என்பன அவற்றுள் சில. ஒலிப்பதிவும் பயனுடையது. இயந்திர ஒலியிலிருந்து பல்லிணை மாற்றத்தையும் மிதி விடுபடும் தருணத்தையும் அறியலாம்.

இரு முன்னிருக்கைகளுக்கு இடையே, ஓட்டுநரின் கைகளும் முன்கண்ணாடி வழித் தடமும் ஒருங்கே தெரியும் இடமே பொதுவாகப் பொருத்தமானது. நடவடிக்கை நிகழ்படக்கருவிகளில் உள்ள மின்னணு நிலைப்படுத்தலை நிறுத்திவிடுதல் நன்று. அது காட்சியின் ஓரங்களை வெட்டுவதுடன் வாகனத்தின் உண்மையான அசைவையும் மறைக்கிறது.

மாதிரி வீதம்

ஓர் அளவீடு நொடிக்கு எத்தனை முறை எடுக்கப்படுகிறது என்பதே மாதிரி வீதம். இதன் அலகு ஹெர்ட்ஸ். மணிக்கு 144 கி.மீ. வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு நொடியில் 40 மீட்டர் கடக்கிறது. அவ்வேகத்தில் அடுத்தடுத்த இரு அளவீடுகளுக்கு இடையிலான தொலைவு பின்வருமாறு:

* 1 ஹெர்ட்ஸ் (பல திறன்பேசிகளின் உள்ளமைந்த பெறுவி): 40 மீட்டர்
* 5 ஹெர்ட்ஸ்: 8 மீட்டர்
* 10 ஹெர்ட்ஸ்: 4 மீட்டர்
* 25 ஹெர்ட்ஸ்: 1.6 மீட்டர்

மணிக்கு 144 கி.மீ. வேகத்திலிருந்து 72 கி.மீ. வேகத்துக்கு, 8 மீ/நொடி² எதிர்முடுக்கத்துடன் பிரேக் பிடிக்க இரண்டரை நொடிகள் ஆகும். 1 ஹெர்ட்ஸ் பெறுவி இந்நிகழ்வில் இரண்டு அல்லது மூன்று புள்ளிகளையே தரும். பிரேக் தொடங்கிய இடத்தை அதிலிருந்து அறிய இயலாது. 10 ஹெர்ட்ஸ் பெறுவி 25 புள்ளிகளைத் தரும். பெரும்பாலான கற்றல் தேவைகளுக்கு இது போதுமானது. மிதி, பிரேக் அழுத்தம் ஆகியவற்றுக்கு 50 ஹெர்ட்ஸ் அளவும், தொங்கல் அமைப்பின் அசைவுக்கு 100 ஹெர்ட்ஸுக்கு மேலும் தேவைப்படுகின்றன.

விளம்பரங்களில் குறிப்பிடப்படும் வீதம் உண்மையான வீதமாக இல்லாமலும் இருக்கலாம். சில கருவிகள் குறைந்த வீதத்தில் அளந்து, இடைப்பட்ட புள்ளிகளைக் கணக்கிட்டு நிரப்புகின்றன. இதனால் வரைபடம் வழவழப்பாகத் தோன்றும்; புதிய தகவல் எதுவும் சேராது.

நேர ஒத்திசைவு

தரவும் நிகழ்படமும் தனித்தனிக் கருவிகளில் பதிவாகும்போது, இரண்டின் நேரத்தையும் பொருத்துவதே மிகவும் பிழைக்கு இடமான படியாகும். அரை நொடிப் பிழை சிறிதெனத் தோன்றலாம். நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் அது 20 மீட்டர் ஆகும். காட்சியில் வாகனம் பிரேக் அடையாளப் பலகையைக் கடந்த பின்னரே மிதி அழுத்தப்பட்டதாகத் தரவு காட்டினால், தான் தாமதமாகப் பிரேக் பிடித்ததாக ஓட்டுநர் தவறாக எண்ணக்கூடும். அல்லது இன்னும் 20 மீட்டர் இருப்பதாக எண்ணி அடுத்த அமர்வில் பிரேக்கைத் தள்ளிப்போடக்கூடும். பின்னதன் விளைவு, வாகனம் தடத்தை விட்டு வெளியேறுவதாக இருக்கலாம். தவறான ஒத்திசைவுடைய பதிவு, பதிவே இல்லாததைவிடத் தீங்கானது.

ஒத்திசைவுக்கு மூன்று முறைகள் வழக்கில் உள்ளன.

* ஒரே கருவி காட்சியையும் தரவையும் ஒரே கடிகாரத்தில் பதிவு செய்தல். இது மிகவும் நம்பகமானது.
* பதிவி, நிகழ்படக்கருவியைக் கம்பி வழியாகவோ கம்பியின்றியோ இயக்கி நிறுத்துதல். தொடக்கத்தில் ஏற்படும் சிறு தாமதத்தைச் சரிபார்க்க வேண்டும்.
* பதிவுக்குப் பின்னர் மென்பொருளில் கையால் பொருத்துதல். வாகனம் நிலையிலிருந்து முதன்முதலாக நகரும் தருணம், அல்லது ஒரு கூர்மையான பல்லிணை மாற்றம் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. பதிவின் தொடக்கத்தில் ஒருமுறையும் இறுதியில் ஒருமுறையும் சரிபார்த்தால், இடையில் ஏற்படும் விலகலும் புலப்படும்.

சில திறன்பேசிகள் ஒளியின் அளவுக்கேற்பக் காட்சிச் சட்டங்களின் வீதத்தைத் தாமே மாற்றுகின்றன. இவ்வகைப் பதிவு தொடக்கத்தில் பொருந்தினாலும் இறுதியில் விலகக்கூடும்.

வகைகள்

திறன்பேசிச் செயலிகள்: ரேசுகுரோனோ, ஆரிசு லேப்டைமர் முதலியன. திறன்பேசியின் உள்ளமைந்த பெறுவிக்கு மாற்றாக, 10 அல்லது 25 ஹெர்ட்ஸ் வீதமுடைய தனிப் பெறுவியைக் கம்பியில்லாமல் இணைத்தால் இவற்றின் தரம் பெரிதும் உயர்கிறது. மிகக் குறைந்த செலவில் தொடங்க ஏற்றது. வெயிலில் முன்கண்ணாடியின் பின்னே வைக்கப்படும் திறன்பேசி வெப்பம் மிகுந்து தானாக நின்றுவிடுவது இதன் முதன்மையான குறை. அழைப்புகளையும் அறிவிப்புகளையும் முன்கூட்டியே நிறுத்திவைக்க வேண்டும்.

நடவடிக்கை நிகழ்படக்கருவிகள்: சில கருவிகளில் புவியிடங்காட்டியும் உள்ளமைந்துள்ளது. ஒரே பெயர்வரிசையில் வரும் எல்லா மாதிரிகளிலும் இவ்வசதி இருப்பதில்லை. எடுத்துக்காட்டாக, கோப்ரோ நிறுவனம் 2016இல் வெளியிட்ட ஈரோ5 மாதிரியில் இது இருந்தது. 2023இல் வெளியான ஈரோ12 மாதிரியில் நீக்கப்பட்டு, 2024இல் ஈரோ13 மாதிரியில் மீண்டும் சேர்க்கப்பட்டது.

சிறப்புப் பதிவிகள்: இத்தாலியின் எய்ம், பிரித்தானியாவின் ரேசுலாசிக், ஆத்திரேலியாவின் மோடெக் முதலிய நிறுவனங்களின் தயாரிப்புகள். நீர், அதிர்வு, வெப்பம் ஆகியவற்றைத் தாங்குமாறு அமைக்கப்பட்டவை. வாகனம் நகரத் தொடங்கியதும் தாமே பதிவைத் தொடங்குவது இவற்றுள் பலவற்றின் சிறப்பு. ஓட்டுநர் பொத்தானை அழுத்த மறந்தாலும் அமர்வு பதிவாகிவிடும்.

பயிற்றுவிக்கும் கருவிகள்: பதிவு செய்வதுடன், ஓட்டுநர் எங்கே மேம்படலாம் என்று தாமே கணித்துக் கூறுபவை. 2020இல் வெளிவந்த கார்மின் கேட்டலிசுட் இவ்வகையைச் சேர்ந்தது.

தாமே அமைப்பவை: ஆர்டுயினோ போன்ற நுண்கட்டுப்பாட்டுப் பலகை, தனிப் பெறுவி, கேன் இணைப்புச் சில்லு, நினைவட்டை ஆகியவற்றைக் கொண்டு மாணவர் அணிகள் பதிவிகளைத் தாமே அமைப்பதுண்டு. நினைவட்டையில் எழுதும் செயல் அவ்வப்போது சில நூறு மில்லிநொடிகள் தடைபடக்கூடும். அளவீடுகளை முதலில் இடைநினைவகத்தில் நிறுத்திப் பின்னர் எழுதாவிட்டால் அவ்வேளையில் தரவு இழக்கப்படும். ஒவ்வோர் அளவீட்டுக்கும் அது எழுதப்பட்ட நேரத்தையன்றி, எடுக்கப்பட்ட நேரத்தையே குறிக்க வேண்டும்.

தெரிவு செய்தல்

தொகுதியைத் தெரிவு செய்வதற்கு முன், அதனிடம் கேட்கப்போகும் வினாவை முடிவு செய்வது பயனுள்ளது. வினாவின் படிநிலைக்கேற்பத் தேவைகள் வேறுபடுகின்றன.

1. நேரம் எங்கே இழக்கப்படுகிறது? இதற்கு 10 ஹெர்ட்ஸ் புவியிடங்காட்டியின் வேக வரைபடம் போதும்.
2. வாகனம் எப்பாதையில் சென்றது? இதற்கு நிகழ்படம் தேவை; சாதாரணப் புவியிடங்காட்டி விடையளிக்காது.
3. ஏன் இழக்கப்படுகிறது? இதற்குப் பிரேக் அழுத்தம், மிதி நிலை, திருப்புச்சக்கரக் கோணம் ஆகியவை தேவை.
4. வாகனத்தின் அமைப்பை எவ்வாறு மாற்ற வேண்டும்? இதற்குத் தொங்கல் அமைப்பு, டயர் வெப்பம் முதலியவற்றின் உணரிகளும், அவற்றைப் படிக்கத் தெரிந்த பொறியாளரும் தேவை.

முதல் முறையாகத் தடத்துக்கு வரும் ஓட்டுநரின் வினாக்கள் பெரும்பாலும் முதல் இரண்டிலேயே அடங்கிவிடுகின்றன. நான்காம் படிக்குரிய கருவியை முதலிலேயே வாங்குவோர், அதனைப் பொருத்துவதிலும் சரிசெய்வதிலும் அமர்வுகளை இழக்க நேரிடலாம். மாணவர் அணிகளின் நிலை வேறு. தாம் வடிவமைத்த வாகனத்தின் கணிப்புகளை அளவீட்டுடன் ஒப்பிட்டு நிறுவ வேண்டியிருப்பதால் அவர்களுக்குத் தொடக்கத்திலேயே மூன்றாம், நான்காம் படிகள் தேவைப்படுகின்றன.

இவை தவிரக் கருத வேண்டியவை:

* தானியங்கித் தொடக்கம் உள்ளதா, மின்சாரம் துண்டிக்கப்பட்டால் அதுவரை பதிவானவை காக்கப்படுமா என்பது.
* இரு அமர்வுகளுக்கு இடைப்பட்ட குறுகிய நேரத்தில் தரவைத் திறந்து பார்க்க இயலுமா என்பது.
* தரவைப் பொதுவான உரைக்கோப்பு வடிவில் வெளியெடுக்க இயலுமா என்பது. நிறுவனத்தின் வழங்கியில் மட்டுமே தங்கும் தரவு, அச்சேவை நின்றால் கைவிட்டுப்போகும்.
* உடன் ஓட்டுவோர் என்ன பயன்படுத்துகின்றனர் என்பது. ஒரே வகைக் கோப்பு இருந்தால், அனுபவம் மிக்க ஓட்டுநர் ஒருவரின் சுற்றுடன் தம் சுற்றை ஒப்பிட இயலும்.
* நினைவகம். நொடிக்கு 30 மெகாபிட் வீதத்தில் பதிவாகும் நிகழ்படம் 20 நிமிட அமர்வில் 4.5 ஜிகாபைட் இடத்தை எடுத்துக்கொள்ளும். பழைய கோப்புமுறை கொண்ட அட்டைகளில் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்ட இயலாததால் பதிவு இரண்டாகப் பிளக்கப்படும்.

பகுப்பாய்வு

இரு சுற்றுகளை ஒப்பிடும்போது, வேகத்தை நேரத்துக்கு எதிராக அன்றி, தடத்தில் கடந்த தொலைவுக்கு எதிராக வரைவதே வழக்கம். அப்போதுதான் ஒரே வளைவு இரு வரைகளிலும் ஒரே இடத்தில் அமையும். இதன் கீழே, ஒரு சுற்று மற்றதைவிட எவ்வளவு முந்தியுள்ளது என்பதைக் காட்டும் நேர வேறுபாட்டு வரை வரையப்படுகிறது. இவ்வரை எங்கே சரியத் தொடங்குகிறதோ அங்கேதான் நேரம் இழக்கப்படுகிறது.

இதன் பயனைப் பின்வரும் கணக்கீடு விளக்கும். ஒரு வளைவிலிருந்து 400 மீட்டர் நேர்ப்பாதைக்குள் நுழையும் வாகனம், சீராக 2 மீ/நொடி² முடுக்கம் பெறுவதாகக் கொள்வோம். வளைவிலிருந்து மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வெளியேறினால் நேர்ப்பாதையைக் கடக்க 11.77 நொடிகளும், 85 கி.மீ. வேகத்தில் வெளியேறினால் 11.42 நொடிகளும் ஆகும். வேறுபாடு 0.35 நொடி. ஆனால் நேர்ப்பாதையின் முடிவில் இரு வேகங்களும் முறையே 164.7, 167.2 கி.மீ.; அதாவது வேறுபாடு 2.5 கி.மீ. மட்டுமே. வேகமானியைப் பார்க்கும் ஓட்டுநருக்கு இது புலப்படாது, நிகழ்படத்திலும் தெரியாது. நேர்ப்பாதையின் முடிவில் பிரேக்கைத் தள்ளிப்போட்டு நேரத்தைப் பெற முயலும் ஓட்டுநருக்கு, அந்நேரம் முந்தைய வளைவிலேயே இழக்கப்பட்டது என்பதையும், அதனை இடர் குறைவான வழியில் மீட்கலாம் என்பதையும் தரவு காட்டுகிறது.

மென்பொருள்கள் காட்டும் "கோட்பாட்டுச் சிறந்த சுற்று", வெவ்வேறு சுற்றுகளின் சிறந்த பகுதிகளைக் கூட்டிப் பெறப்படுவது. ஒரு பகுதியில் மிகை வேகத்தில் நுழைந்ததன் விலையை அடுத்த பகுதியில் செலுத்திய சுற்றுகளும் இதில் சேர்ந்துவிடுவதால், அடைய இயலாத நேரத்தை இது காட்டக்கூடும்.

பொருத்துதலும் பாதுகாப்பும்

தளர்ந்து விழும் கருவி, ஓட்டுநரின் மிதிகளுக்கு அடியில் சிக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. மோதலின்போது அது எறிபொருளாகவும் மாறும். எனவே உறிஞ்சுபிடியை மட்டும் நம்பாமல், திருகாணியால் இறுக்கி, இரண்டாவதாக ஒரு கட்டுக்கயிற்றாலும் பிணைப்பது நன்று. தலைக்கவசத்தின் மீது கருவியைப் பொருத்துவது கவசத்தின் பாதுகாப்பைக் குறைக்கக்கூடும் என்பதால் பல அமைப்பாளர்கள் அதனை அனுமதிப்பதில்லை. எப்பொருத்தத்தையும் தடத்தில் இறங்குமுன் ஆய்வாளரிடம் காட்டி ஒப்புதல் பெற வேண்டும்.

ஓடும்போதே சுற்று நேரத்தைக் காட்டும் திரை, ஓட்டுநரின் கவனத்தைத் தடத்திலிருந்து திருப்புகிறது. புதிய ஓட்டுநர்கள் திரையை அணைத்துவைத்து, அமர்வுக்குப் பின்னரே தரவைப் பார்ப்பது பாதுகாப்பானது. தட நாட்களில் நேரம் அளப்பதையே தடை செய்யும் அமைப்பாளர்களும் உள்ளனர்.

புவியிடங்காட்டி, மின்சாரம் பெற்றவுடன் செயற்கைக்கோள்களைக் கண்டறியச் சிறிது நேரம் எடுத்துக்கொள்ளும். நீண்டநாள் பயன்படுத்தாத பெறுவிக்குச் செயற்கைக்கோள்களின் முழு அட்டவணையும் தேவைப்பட்டால், அதனை ஜி.பி.எஸ். அனுப்பி முடிக்கவே பன்னிரண்டரை நிமிடங்கள் ஆகும். தகரக் கூரையின் கீழ் இது நிகழாது. எனவே அமர்வுக்கு முன்னரே கருவியைத் திறந்த வெளியில் இயக்கிவைத்தல் வேண்டும்.

சட்டநிலை

இத்தொகுதிகள் மூடிய தடங்களுக்கு உரியவை. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 189ஆம் பிரிவின்படி, பொதுவிடங்களில் அனுமதியின்றி ஓட்டப்பந்தயமோ வேகச் சோதனையோ நடத்துவது தண்டனைக்குரிய குற்றமாகும். சுற்று நேரம் அளக்கும் செயலிகளைப் பொதுச்சாலையில் பயன்படுத்துவது உயிருக்கும் கேடானது.

இந்தியாவின் பொதுவான வாகனக் காப்புறுதி ஒப்பந்தங்கள், ஒழுங்குசெய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றின்போது ஏற்படும் இழப்பை உள்ளடக்குவதில்லை. எனவே சொந்த வாகனத்துடன் தடத்துக்குச் செல்வோர், வாகனத்துக்கு ஏற்படும் சேதத்தைத் தாமே ஏற்க வேண்டியிருக்கலாம். இதனைக் கருவிக்கான செலவுக்கு முன்னரே கணக்கில் கொள்வது தகும்.

குறைபாடுகள்

தரவுப் பதிவி நடந்ததை மட்டுமே பதிவு செய்கிறது. அதற்கான காரணத்தை ஆராய்ந்து அறிய வேண்டியவர் ஓட்டுநரே. டயர் தேய்மானம், தடத்தின் வெப்பம், எரிபொருளின் எடை ஆகியவை சுற்றுக்குச் சுற்று மாறுவதால், ஒரேயொரு சுற்றின் வேறுபாட்டைக் கொண்டு முடிவுக்கு வருதல் கூடாது. ஒரே வளைவில் தொடர்ந்து பல சுற்றுகளில் தோன்றும் வேறுபாடே பொருளுடையது. ஒரு நேரத்தில் ஒரு வளைவை மட்டும், ஒரு மாற்றத்தை மட்டும் ஆராய்ந்து அடுத்த அமர்வில் சோதிப்பது பயிற்றுநர்கள் பரிந்துரைக்கும் முறையாகும். தரவும் நிகழ்படமும் தகுதிவாய்ந்த பயிற்றுநர் ஒருவருக்கு மாற்று ஆகா; ஆயினும் பயிற்றுநர் உடனில்லாத ஓட்டுநருக்கு, தன் நினைவின் பிழையைத் திருத்திக்கொள்ள இவை உதவுகின்றன.

இவற்றையும் பார்க்கவும்

* புவியிடங்காட்டி
* முடுக்கமானி
* தொலைஅளவியல்
* டாப்ளர் விளைவு
* காரி மோட்டார் இசுபீட்வே
* மெட்ராஸ் இன்டர்நேசனல் சர்க்யூட்